கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்: மூன்று மேடைப் பொருட்கள் செய்த அனுபவம்

பல்சுவை நிகழ்ச்சிக்கு வேண்டிய மேடைப் பொருட்களை நாமே செய்துவிடலாம் என்று குழுவில் பேசி முடித்தபோது கையில் 6 வாரம் இருந்தது. பட்டியலில் 16 பொருட்கள். பெரிய சாவி, அட்டைத் தொலைபேசி, காகிதப் பூங்கொத்து, ஆளுயரக் கடிகாரம் என்று 13 பொருட்கள், அட்டையும் பசையும் பொறுமையும் இருந்தால் முடிந்துவிடும் வகை. அவை முடிந்தன. மீதி மூன்றுதான் என் தூக்கத்தைக் கெடுத்தவை: சத்தக்கட்டை, 100 கிலோ பளு, மேஜிக் செய்யும் அண்ணனுக்கான காலிப் பெட்டி. அந்த மூன்றை எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன், எப்படிச் சரிசெய்தேன் என்று எழுதி வைக்கிறேன். பெட்டியைப் பற்றி அதிகம் எழுதுவேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் நான் செய்த முதல் வேலை, டேப்பை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனது. மேடை விளிம்பிலிருந்து கடைசி வரிசை 22 மீட்டர். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் ஒருவரை நிற்கவைத்து, கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 40 செ.மீ. அகலமுள்ள ஒரு பொருள் அங்கிருந்து அந்த நகத்தின் அகலம்தான் தெரியும். கையில் வைத்துப் பார்க்கும்போது அழகாக இருக்கிற நுணுக்கமான வேலை எதுவும் அந்தத் தூரத்தைத் தாண்டிப் போகாது. வடிவம் போகும், பெரிய வண்ண வேறுபாடு போகும், அசைவு போகும். வேலைமேசையில் ஒவ்வொரு முறையும் அழகு பார்க்கக் குனிந்தபோது அந்த நகத்தை நினைத்துக்கொண்டேன்.

முதலில் சத்தக்கட்டை. நகைச்சுவைத் துண்டு நாடகத்தில் ஒருவர் இன்னொருவரைப் பின்னால் தட்டவேண்டும், அரங்கமே அதிரவேண்டும், யாருக்கும் வலிக்கக் கூடாது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் முகமூடி நாடகக் குழுக்கள் இதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தன. இத்தாலியில் அதன் பெயர் பட்டாக்கியோ, ஆங்கிலத்தில் ஸ்லாப்ஸ்டிக். அடிதடி நகைச்சுவைக்கே பிறகு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அமைப்பு மிகவும் எளிது. மெல்லிய மரச் சட்டங்கள் இரண்டு. கைப்பிடிப் பக்கம் நடுவில் ஒரு சிறு மரத்துண்டு வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்கியிருக்கும். மறுமுனைகள் ஒன்றையொன்று தொடாமல் சும்மா நிற்கும். அடித்ததும் முன்சட்டம் ஆளின்மேல் பட்டு நின்றுவிடும். பின்சட்டம் வந்த வேகத்திலேயே போய் அதன்மேல் மோதும். மெதுவாகத் தட்டினாலே ‘பட்’டென்று கேட்கும்.

முதலில் 6 மி.மீ. பிளைவுட்டில் செய்து பார்த்தேன். ‘தொப்’ என்றது. அடுக்கடுக்காக ஒட்டிய பலகை சத்தத்தை உள்ளேயே விழுங்கிவிடுகிறது. அதே கனத்தில் நல்ல கெட்டி மரத்தில், நாரோட்டம் நீளவாக்கில் வரும்படி 45 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்துக்கு இரண்டு சட்டம் அறுத்து மாட்டியதும் சத்தமே வேறு. அப்புறம் இடைவெளி. நடுத்துண்டை 10 மி.மீ. வைத்தால் மெதுவான அடிக்குச் சட்டங்கள் மூடவே இல்லை. 3 மி.மீ. வைத்தால் ஒரே அடிக்கு இரண்டு தடவை பேசியது. 5 மி.மீ.தான் பொருந்தியது. இரண்டு போல்ட் போட்டு, கையாலேயே இறுக்குகிற பட்டாம்பூச்சி நட் வைத்தேன். விளிம்புகளை 120ஆம் எண் உப்புத்தாளிலும் பிறகு அதைவிட நைசான 220லும் நன்றாக உருட்டித் தேய்த்தேன். ஒத்திகையில் ஒரு தம்பியின் விரல் சட்டங்களுக்கு நடுவே போய்ச் சதை நசுங்கியது. அன்றே கைப்பிடியை நான்கு விரல் நீளம் கூட்டி, எந்த இடத்தைத் தாண்டிக் கை போகக் கூடாதோ அந்த இடத்தில் துணி டேப்பை மேடாகச் சுற்றிவிட்டேன். விரல் தானாகவே அங்கே நின்றுவிடும், பார்க்க வேண்டியதில்லை.

அந்த டேப் மேடுதான் இந்த வேலை முழுவதுக்கும் எனக்கு வழிகாட்டியது என்று இப்போது தோன்றுகிறது. நடிக்கிறவர் கண் பார்வையாளர்மேல் இருக்கும், மனம் வசனத்தில் இருக்கும். பொருளைப் பார்த்துக்கொள்ள அவரிடம் கை மட்டும்தான் மிச்சம்.

அடுத்தது பளு: ஒரு கம்பி, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு உருண்டை. கதை இதுதான்: மீசை வைத்த பயில்வான் வேர்த்து விறுவிறுத்து அதைத் தூக்குவார், வைப்பார், கும்பிடுவார், திரை மூடும் நேரத்தில் ஒரு சிறுமி வந்து அதை ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் பார்க்க 100 கிலோவாக இருக்கவேண்டும், எடுக்க ஒரு குழந்தைக்கு ஆகவேண்டும்.

அளவு முடிவு செய்யும்போது ஒரு கணக்குப் போட்டேன். இரும்பில் 50 கிலோ உருண்டை என்றால் அதன் விட்டம் 23 செ.மீ.தான் வரும். 22 மீட்டர் தூரத்திலிருந்து அது ஒரு புள்ளி. எனவே 40 செ.மீ. உருண்டை என்று வைத்துக்கொண்டேன். உண்மையான இரும்பில் அந்த அளவு ஒரு உருண்டையே 260 கிலோவுக்கு மேல் போகும், சாதாரண ஆளால் தூக்க முடியாது. ஆனால் மேடையில் கண் கேட்பது இரும்பின் கணக்கை அல்ல. எழுத்தில் 100 என்று இருக்கவேண்டும், உருவத்தில் பயமாக இருக்கவேண்டும். தெர்மகோலில் பெரும்பகுதி காற்றுதான். அதே 40 செ.மீ. உருண்டை அரை கிலோவுக்குள் முடிந்துவிட்டது.

உருண்டையை 5 செ.மீ. கனமுள்ள தெர்மகோல் தகடுகளிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கினேன். நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 4 வட்டம். அவற்றின் ஆரம் 20, 19.4, 17.3, 13.2 செ.மீ. மறுபக்கத்துக்கும் அதே நான்கு. அடுக்கியதும் படிக்கட்டு மாதிரி நிற்கும். அட்டையில் கால்வட்டம் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, அந்தப் படிகளை உப்புத்தாளால் கரைத்தால் உருண்டை வந்துவிடும். சூடான கம்பியால் வெட்டுவதென்றால் வெளியில், காற்று ஓடுகிற இடத்தில் வெட்டுங்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

ஒட்டும்போது முதல் பாடம். வெள்ளை மரப்பசை காய்வதற்கு ஈரம் வெளியே போகவேண்டும். இரண்டு தெர்மகோல் தகடுகளுக்கு நடுவே ஈரம் போக வழியே இல்லை. மூன்றாம் நாள் ஒரு அடுக்கைத் தள்ளிப் பார்த்தேன், நடுவில் பசை ஈரமாகவே இருந்தது, தகடு வழுக்கியது. பசையை முழுக்கப் பூசாமல் பொட்டுப் பொட்டாக வைத்து, மூங்கில் குச்சிகளைக் குறுக்காகக் குத்தி இறுக்கி, ஒரு வாரம் தொடாமல் விட்டேன். அப்புறம் அசையவில்லை.

இரண்டாவது பாடம் கொஞ்சம் வலித்தது. அவசரத்தில் ஒரு உருண்டையின்மேல் நேரடியாகக் கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துவிட்டேன். அடித்த இடமெல்லாம் என் கண் முன்னாலேயே உள்வாங்கியது. சின்னச் சின்னக் குழிகளாகத் தொடங்கி, இரண்டு நிமிடத்தில் தேன்கூடு மாதிரி ஆகிவிட்டது. ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கிற கரைப்பான் தெர்மகோலைக் கரைத்துவிடும். பல காண்டாக்ட் பசைகளும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ‘மேலாக ஒரு தடவைதானே’ என்று கை முந்திக்கொண்டது. கெட்ட பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, குழிகளைத் தண்ணீர் கலக்கிற பட்டிமாவு வைத்து நிரப்பி, காகிதக்கூழ் வேலைக்கு மாறினேன். பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, கிழித்த காகிதத் துண்டுகளை நான்கு அடுக்கு ஒட்டினேன். ஒரு அடுக்குச் செய்தித்தாள், அடுத்த அடுக்குப் பழுப்புக் காகிதம் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போயிற்று என்று நிறத்திலேயே தெரிந்துவிடும். காகிதத்தை வெட்டக் கூடாது, கிழிக்கவேண்டும். கிழிந்த ஓரம் படிந்துவிடும், வெட்டிய ஓரம் கோடாக நிற்கும். காய்ந்ததும் தட்டினால் பரங்கிக்காய் மாதிரிச் சத்தம் வந்தது. அதற்குமேல் தண்ணீர் கலக்கிற மேட் கறுப்பு, தூரிகையால். பளபளப்புப் பெயிண்ட் அடித்தால் விளக்கு அதில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து பிளாஸ்டிக் பந்து என்று காட்டிக்கொடுத்துவிடும். பாதி காய்ந்த தூரிகையில் சாம்பல் நிறம் தொட்டு விளிம்புகளில் மட்டும் இழுத்தேன். இரும்பு தேய்ந்த மாதிரி வந்தது.

நடுக்கம்பிக்கு 4 செ.மீ. பிவிசி குழாய், 150 செ.மீ. நீளம். வளையக் கூடாதென்று உள்ளே மரக்கம்பு செருக நினைத்திருந்தேன். ஒத்திகையில் மரக்கம்பு இல்லாமலே பயில்வான் அண்ணன் தூக்கினார். இரண்டு கைகளால் குழாயைப் பிடித்து அவரே வளைத்ததில், கம்பி நடுவில் மேலேறி முனைகள் கொஞ்சம் தொங்கின. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு கணம் வயிறு கலங்கியது; அவ்வளவு கனமாகத் தெரிந்தது! கனமான பளு தூக்கும்போது கம்பி வளைவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அதனால் கண் உடனே நம்பிவிடுகிறது. மரக்கம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் தூக்கும் முறை சரியாக இல்லை. கை மட்டும் நடித்தது, இடுப்பும் காலும் சும்மா இருந்தன. அதற்காக அதே நீளத்தில் இன்னொரு குழாய் எடுத்து மணல் நிரப்பி, முனைகளை அடைத்து ஒத்திகைக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் அதைத் தூக்கிப் பார்த்த பிறகு அவர் சொன்னார்: “தம்பி, கனம் கையில வரல, குதிகால்லதான் வருது.” அதற்குப் பிறகு காலிப் பளுவைத் தூக்கும்போதும் அவர் குதிகால் தரையில் அழுந்துவது தெரிந்தது. சத்தம் மட்டும் பாக்கி. பளுவைக் கீழே வைத்தால் தெர்மகோல் சத்தம்தான் கேட்கும். பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் மணல்மூட்டையைப் போட ஒரு ஆளை நிறுத்தினோம். உருண்டையைப் பார்த்துப் போட்டால் எப்போதும் ஒரு நொடி பிந்திவிடுகிறது. அண்ணனின் முழங்காலைப் பார்த்து, அது மடங்கத் தொடங்கியதும் மூட்டையை விட்டால் சரியாகச் சேர்ந்தது.

இனி பெட்டி. மேஜிக் அண்ணன் கேட்டது இதுதான்: முகப்புத் திறந்த ஒரு பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் காட்டவேண்டும், பிறகு மேல்மூடி வழியாகப் பூவும் துணியும் குடையும் வந்துகொண்டே இருக்கவேண்டும். இதன் சூத்திரம் பழையது. 1865 அக்டோபரில் லண்டன் எகிப்தியன் ஹால் அரங்கில் கர்னல் ஸ்டோடேர் என்ற மேஜிக் கலைஞர் ‘ஸ்ஃபிங்க்ஸ்’ என்ற காட்சியை நடத்தினார். மேசைமேல் வைத்த பெட்டிக்குள்ளிருந்து ஒரு தலை பேசியது. மேசைக் கால்களுக்கு நடுவே 45 டிகிரியில் நிறுத்திய கண்ணாடிகள் பக்கத்திரைகளைப் பிரதிபலித்தன. பார்ப்பவர்கள் அதையே பின்திரை என்று எண்ணிக்கொண்டார்கள். அதை வடிவமைத்தவர் தாமஸ் டோபின். எத்தனையோ புத்தகங்களில் விளக்கப்பட்ட முறை என்பதாலும், அண்ணனிடம் கேட்டுவிட்டேன் என்பதாலும் தயக்கமில்லாமல் எழுதுகிறேன். முறை தெரிந்தவருக்கும் அதைச் சுத்தமாகச் செய்வது பெரிய வேலைதான்.

உள்ளளவு: அகலம் 60, உயரம் 60, ஆழம் 45 செ.மீ. பின்சுவரின் இரண்டு மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு கண்ணாடி 45 டிகிரியில் முன்னோக்கி வந்து நடுவில் சந்திக்கும். மேலிருந்து பார்த்தால் முனை நம்மை நோக்கிய ஒரு ஆப்பு. சந்திக்கும் இடம் பின்சுவரிலிருந்து 30 செ.மீ. முன்னால், முகப்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே. கண்ணாடி ஒவ்வொன்றும் 42.4 செ.மீ. அகலம். ஆப்புக்குப் பின்னால் கிடைக்கிற முக்கோண இடம் 54 லிட்டர். ஒரு பெரிய பயணப்பை கொள்ளுமளவு இடம், யார் கண்ணிலும் படாமல்! இதைக் காகிதத்தில் வரைந்து முடித்த இரவு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

கண்ணாடிக்கு 3 மி.மீ. அக்ரிலிக், அதாவது பிம்பம் காட்டுகிற பிளாஸ்டிக் தகடு எடுத்தேன். மேடையில் ஓடி ஆடுகிற ஆட்களுக்கு நடுவே உடைகிற கண்ணாடி வைக்க மனம் வரவில்லை. அக்ரிலிக் மெல்லியது, தனியாக நிறுத்தினால் வளையும், வளைந்தால் பிம்பம் நெளியும். அதனால் 6 மி.மீ. பிளைவுட்டில் ஒட்டி நிமிர்த்தினேன். ஒட்டுவதற்குச் சிலிக்கோன் பசை; அதிலும் புளிக்காடி வாசம் அடிக்கிற வகை கூடாது, அதிலிருந்து வரும் அமிலம் கண்ணாடியின் முதுகுப் பூச்சை அரித்துவிடும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்கவேண்டும். இரண்டு கண்ணாடியும் சந்திக்கிற முனையை மறைக்க 2 செ.மீ. அகல மரச்சட்டம் ஒன்றை, பின்புறம் ‘வி’ வடிவில் செதுக்கி, தரையிலிருந்து கூரைவரை நிறுத்தினேன். பார்க்கிறவருக்கு அது பெட்டியின் கூரையைத் தாங்குகிற தூண். கண்ணாடியின் அடிவிளிம்பு தெரியாமலிருக்க அடிப்பலகையில் 3 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளக்கோடு எடுத்து அதில் இறக்கினேன்.

முதல் தடவை நிறுத்திவைத்து மூன்றடி தள்ளிப் போய்ப் பார்த்தபோது காலிப் பெட்டி தெரியவில்லை. இரண்டு கண்ணாடி வைத்த பெட்டிதான் தெரிந்தது. காரணம் தரை. அழகுக்காக அடிப்பலகையில் முன்னிருந்து பின்னாகக் கோடு கோடாக வண்ணம் தீட்டியிருந்தேன். 45 டிகிரிக் கண்ணாடியில் அந்தக் கோடுகள் குறுக்காகத் திரும்பிவிட்டன. கோடு உடைகிற இடமே ‘இங்கே கண்ணாடி’ என்று கத்தியது. யோசித்துப் பார்த்தால், 45 டிகிரி மூலைவிட்டத்தில் மடித்தாலும் மாறாத ஒரு கோலம் வேண்டும். சதுரங்கக் கட்டம் அப்படிப்பட்டது. 5 செ.மீ. சதுரங்களாக, கண்ணாடியின் அடி சரியாகக் கட்ட மூலைகள் வழியாகவே போகும்படி வரைந்தேன். கறுப்பின் பிம்பம் கறுப்போடும் வெள்ளையின் பிம்பம் வெள்ளையோடும் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை வந்த சின்னப் பையன் ஒருவன் பெட்டிக்குள் கையை விட்டுப் பின்சுவரைத் தொடப் பார்த்தான். கை கண்ணாடியில் முட்டியதும் அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

சுவர்களுக்கு முதலில் அடர்ந்த சிவப்புத் துணி ஒட்டியிருந்தேன். விளக்கு ஒத்திகையில் நீல வெளிச்சம் வந்ததும் சிவப்பு அப்படியே கறுத்துவிட்டது. நீல ஒளியில் திருப்பித் தருவதற்குச் சிவப்பு இல்லையே! உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டவேண்டிய பெட்டி இருண்ட குகையாக நின்றது. குகைக்குள் எதுவும் இருக்கலாம் என்றுதான் மனம் சொல்லும். துணியைக் கிழித்துவிட்டு, சின்னப் புள்ளி போட்ட சாம்பல் நீலத் துணியை ஒட்டினேன். கண்ணாடி தன்மேல் விழுகிற வெளிச்சம் முழுவதையும் திருப்பித் தருவதில்லை, பிம்பம் எப்போதும் ஒரு சாயல் மங்கலாக இருக்கும். வெறும் நிறத்தில் அந்த மங்கல் தெரியும். புள்ளித் துணியில் கண் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே போய்விடும்.

பிறகு பக்கத்து இருக்கைகள். இந்தப் பெட்டியை நேரே பார்த்தால் குறையில்லை. பக்கவாட்டில் போகப் போக, தூணுக்கு அருகே கண்ணாடியில் பட்ட பார்வை பக்கச்சுவரில் விழாமல் முகப்பு வழியாக வெளியே வந்துவிடும்; அங்கே பக்கத்திரையோ, விளக்கோ, முன்வரிசைக்காரர் முழங்காலோ தெரியும். என் அளவுகளில் எல்லை எங்கே என்று வரைந்து பார்த்தேன்: 30 செ.மீ. குறுக்கே போவதற்குள் 15 செ.மீ. முன்னே வரலாம், அதாவது நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 26 டிகிரி. முன்வரிசை மேடை விளிம்பிலிருந்து 4 மீட்டர்; ஓர இருக்கை நடுவிலிருந்து 5 மீட்டர். பெட்டி விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே இருந்தால் அந்த ஓர ஆளுக்குக் கோணம் 40 டிகிரியைத் தொடுகிறது. 6 மீட்டர் உள்ளே தள்ளினால் 26 சொச்சம், எல்லையிலேயே நிற்கிறது. எல்லையில் நிற்பதை நம்ப எனக்கு மனமில்லை. முகப்பைச் சுற்றி 5 செ.மீ. ஆழத்தில் ஒரு சட்டம் செய்து, உள்ளே அதே புள்ளித் துணியை ஒட்டி மாட்டினேன். பக்கச்சுவர் 5 செ.மீ. நீண்டதால் எல்லை 33 டிகிரிக்கு நகர்ந்தது. அதற்குப் பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு ஓரத்து இருக்கைகள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து படம் பிடித்தேன். எந்தப் படத்திலும் கண்ணாடி தெரியவில்லை.

மாடி இருக்கைகளை மறந்திருந்தேன். மேல்மூடிக்குக் கீலைப் பின்பக்கம் வைத்திருந்தேன். மூடியைத் திறந்தால் மாடியில் இருப்பவர் நேராக முக்கோண அறைக்குள் எட்டிப் பார்க்கலாம். கீலைக் கழற்றி முன்பக்கம் வைத்தேன். இப்போது மூடி பார்வையாளர் பக்கம் நிமிர்ந்து திரையாக நிற்கிறது. அண்ணன் பின்னாலிருந்து கைவிடுகிறார். அரை மணி நேர வேலை. காகிதத்தில் வரையும்போதே மாடியையும் வரைந்திருந்தால் அந்த அரை மணி நேரம் மிச்சம்.

அண்ணன் முதல் ஒத்திகையில் தன் பழக்கப்படி பெட்டிக்குள் கையைவிட்டு ஒரு வட்டம் சுற்றிக் காட்டினார். கண்ணாடி அவர் கையையும் சேர்த்துக் காட்டியது, இரண்டு கை! அதை அவரே மாற்றிக்கொண்டார். முகப்புச் சட்டத்தின்மேல் மட்டும் விரலை ஓடவிட்டு, கையை வெளியிலேயே வைத்து, தலையை மட்டும் சாய்த்துப் பார்ப்பார். அதுவே இன்னும் நம்பும்படி இருந்தது. ஆனால் இருட்டில் நடந்த இரண்டாம் ஒத்திகைக்குப் பிறகு சொன்னார்: “பெட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. மூடியோட விளிம்பு எதுன்னு என் விரலுக்குத் தெரியல.” சத்தக்கட்டையின் டேப் மேடு நினைவுக்கு வந்தது. மூடியின் பின்விளிம்பில் விரல் படுகிற இடத்தில் உப்புத்தாள் ஒரு துண்டு ஒட்டினேன், உள்ளே முதலில் எடுக்கவேண்டிய துணியின் நுனியில் ஒரு மணி தைத்தேன். அதற்கப்புறம் அவர் ஒரு தடவைகூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை.

ஊதிய பலூன்களை உள்ளே வைக்கும் யோசனையைக் கைவிட்டோம். அக்ரிலிக்கின் முதுகுப் பலகையில் உரசி ‘கிர்ர்’ரென்று கத்துகிறது, மெல்லிசை ஓடும்போது நன்றாகவே கேட்கிறது. அவற்றுக்குப் பதில் மடங்கி விரிகிற காகிதப் பூக்கள், 3 மடக்குக் குடைகள், பட்டுத் துணிகள். அக்ரிலிக் துடைப்பதில் ஒரு எச்சரிக்கை: கண்ணாடி துடைக்கிற அமோனியா கலந்த திரவம் போட்டால் நாளடைவில் நுண்ணிய வெடிப்பு விழும். சோப்பு சொட்டுவிட்ட தண்ணீர், மெத்தென்ற துணி, அவ்வளவே. உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மின்னூட்டம் ஏறித் தூசியை வா வா என்று அழைக்கும். புகை இயந்திரம் ஓடுகிற நிகழ்ச்சி என்றால் ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் துடைக்கவேண்டும். அந்தப் புகை மெல்லிய படலமாக உட்கார்ந்துவிடுகிறது. எதிர் வெளிச்சத்தில் ஒரு கைரேகை போதும், மொத்தக் கண்ணாடியையும் காட்டிக்கொடுக்க.

நிகழ்ச்சி நாளில் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு நீளமேசை போட்டு, வெள்ளைத்தாள் விரித்து, 16 பொருட்களையும் வைத்து ஒவ்வொன்றையும் சுற்றிப் பேனாவால் கோடு போட்டோம். எடுத்தவர் திரும்ப வைக்கும்போது அந்தக் கோட்டுக்குள் வைக்கவேண்டும். காலியாகத் தெரிகிற கோடுதான் எச்சரிக்கை மணி. மேசைக்கடியில் ஒரு டப்பா: துணி டேப், ஊக்கு, கேபிள் டை, கத்தரிக்கோல், நீலத்தாள் ஒட்டிய டார்ச், ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, கூடுதல் சத்தக்கட்டை ஒன்று. மூன்று காட்சி நடத்தினோம். பெட்டி மூன்றிலும் நின்றது. பளுவைத் தூக்கிக்கொண்டு போன சிறுமிக்கு முதல் காட்சியிலேயே கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

சத்தக்கட்டை மட்டும் இரண்டாம் காட்சியில் கீறிவிட்டது. டப்பாவில் இருந்ததைக் கொடுத்தோம், யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். போல்ட் துளைகள் இரண்டையும் ஒரே நாரோட்டத்தில் நேர்க்கோட்டில் போட்டிருக்கிறேன்; பிளவு ஒரு துளையிலிருந்து மறுதுளைக்குச் சொல்லிவைத்தாற்போல் ஓடியிருக்கிறது. புதுச் சட்டத்தில் துளைகளை ஒன்றுக்கொன்று 2 செ.மீ. விலக்கி மாறுபட்ட நாரில் போட்டிருக்கிறேன், நட்டுக்கு அடியில் அகலமான வாஷரும் தோல் துண்டும் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி தலையணையில் 200 தடவை அடித்துப் பார்த்தேன். இதுவரை கீறல் இல்லை.